நிச்சயதார்த்த வீட்டில் யாருக்கு என்ன தெரியும்?

சேலத்தைச் சேர்ந்த சில நண்பர்கள் சேர்ந்து ஒரு திரைக்கதை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் குடும்பம். மூத்த மகன் கார்த்திக்கு நிச்சயதார்த்தம். இரு வீட்டாரும் ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் பங்களாவில் இரண்டு நாள் தங்குகிறார்கள். ரூம்மேட் என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கும் நவீன், உண்மையில் கார்த்தியின் காதலன். மணப்பெண் தேன்மொழிக்கும் வேறொரு காதல் இருக்கிறது. கடைசிக் காட்சியில் எல்லோரும் கூடியிருக்கும்போது கார்த்தி எழுந்து உண்மையைச் சொல்கிறான், படம் முடிகிறது. "சிரிக்கவும் வைக்கணும், யாரையும் கேலி செய்யவும் கூடாது. எப்படி எழுதுவது, எந்தப் படங்களைப் பார்ப்பது, சென்சாரில் சிக்கல் வருமா, குறும்படமாக எடுப்பதா முழுப்படமாகவா?" என்று கேட்கிறார்கள்.

நல்ல கரு. ஆனால் உங்கள் கிளைமாக்ஸைத் தூக்கி முதல் அரை மணி நேரத்துக்குள் வையுங்கள். 'அவன் சொல்லிவிடுவானா?' என்ற ஒரே கேள்வியில் படம் முழுக்க ஓட்டினால், பார்ப்பவர் முதல் காட்சியிலேயே விடையை ஊகித்துவிட்டு அது வரும்வரை காத்திருப்பார். அதைவிடப் பெரிய குறை, கார்த்தி என்ற ஆள் காணாமல் போய் அவனுடைய ரகசியம் மட்டும் திரையில் நிற்கும். அவனுக்குத் தொழிலில் என்ன ஆசை, தம்பியோடு என்ன மனத்தாங்கல், நவீனோடு எதற்குச் சண்டை என்று எழுத இடமே கிடைக்காது. இந்த வகைப் படங்களில் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரே வீட்டில் இருக்கும் எட்டுப் பேரில் யாருக்கு எது தெரியும், யாருக்குத் தெரியாது, யார் தெரிந்தும் தெரியாததுபோல இருக்கிறார் என்பதிலிருந்துதான் வருகிறது. நான் சொல்லப்போவது எல்லாமே இதைச் சுற்றித்தான் இருக்கும்.

உங்கள் கதைக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் படம் இத்தாலியில் 2010-ல் வந்த 'மினே வகாந்தி'. இஸ்தான்புல்லில் பிறந்து இத்தாலியில் குடியேறிய ஃபெர்சான் ஓஸ்பெடெக் இயக்கியது. தெற்கு இத்தாலியில் லெச்சே என்ற ஊர். அங்கே பாஸ்தா ஆலை நடத்தும் குடும்பம். இளைய மகன் தொம்மாசோ ரோமில் வணிகம் படிப்பதாக வீட்டில் சொல்லிவிட்டு இலக்கியம் படித்தவன். எழுத்தாளனாக வேண்டும் என்பது கனவு. அங்கே அவனுக்கு ஓர் ஆண் துணையும் உண்டு. இதையெல்லாம் ஒரே மூச்சில் இரவு விருந்தில் போட்டு உடைத்துவிடலாம், அப்பா வீட்டைவிட்டுத் துரத்திவிட்டால் விடுதலை என்று திட்டம் போட்டு ஊருக்கு வருகிறான். முந்தியே அண்ணன் அந்தோனியோவிடம் மட்டும் சொல்லிவைக்கிறான். விருந்து நடக்கிறது. தொம்மாசோ வாயைத் திறக்கும் நேரத்தில் அண்ணன் எழுந்து, தான் தன்பாலீர்ப்பு கொண்டவன் என்று அறிவித்துவிடுகிறான். அப்பா அவனை வீட்டைவிட்டு வெளியே போகச் சொல்கிறார். அடுத்த நிமிடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார். தப்பிக்க வந்தவன், ஆலைப் பொறுப்பும் அப்பாவின் உயிரும் தன் தலையில் விழ, அதே ஊரில் சிக்கிக்கொள்கிறான்.

இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். ரகசியம் உடைந்துவிட்டது, ஆனால் தவறான ஆளின் ரகசியம். சொல்ல வேண்டியவன் இன்னும் சொல்லவில்லை, இனிச் சொல்லவும் முடியாது. இனிமேல் வீட்டில் யார் எது பேசினாலும் அதற்கு இரண்டு கனம் வந்துவிடும். அம்மா மூத்தவனைப் பற்றி இளையவனிடம் புலம்பும்போதெல்லாம் நமக்குச் சிரிப்பும் வருகிறது, தொண்டையும் அடைக்கிறது. அப்புறம் ரோமிலிருந்து தொம்மாசோவின் காதலனும் நண்பர்களும் வந்து இறங்குகிறார்கள். வீட்டார் பாசமாகத் தங்கவைக்க, அவர்கள் ஒவ்வொருவரும் தன் நடையையும் பேச்சையும் அடக்கிக்கொண்டு 'சாதாரண ஆம்பளை'யாக நடிக்கப் பாடுபடுகிறார்கள். அந்த நடிப்பில் சிரிக்கிறோம். சிரிக்கும்போதே, யாருக்குப் பயந்து இவர்கள் இப்படி நடிக்க வேண்டியிருக்கிறது என்பதும் தெரிந்துவிடுகிறது. பிறகு கடற்கரையில் யாரும் பார்க்காத நேரத்தில் அவர்கள் ஆடும் ஆட்டம் வரும்போது, அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வருகிறது.

அந்த வீட்டின் பாட்டி கணவரின் சகோதரனைக் காதலித்து, அதை வாழ்நாள் முழுக்க நெஞ்சில் வைத்துக்கொண்டே குடும்பத்தையும் ஆலையையும் கட்டி எழுப்பியவள். ஆலைப் பங்குதாரரின் மகள் ஆல்பாவுக்குத் தொம்மாசோமேல் ஒரு பிரியம் வளர்கிறது. ஆண்-பெண் உறவுகள் நேராக இருக்கின்றன, மற்றவைதான் சிக்கல் என்ற எண்ணத்துக்கு அந்தப் படத்தில் இடமே இல்லை. எல்லோருடைய உறவும் சிக்கிக் கிடக்கிறது. சிலருடையது மட்டும் வெளியே தெரிகிறது. அப்பாவாக நடித்த என்னியோ ஃபந்தாஸ்திகினிக்கும் பாட்டியாக நடித்த இலாரியா ஓக்கினிக்கும் இத்தாலியின் பெரிய திரைப்பட விருதான தாவித் தி தொனாத்தெல்லோவில் அந்த ஆண்டின் துணை நடிகர் விருதுகள் கிடைத்தன. துணைப் பாத்திரங்களின் பலம் அப்படி.

இரண்டாவது படம், ஆங் லீ இயக்கி 1993-ல் பெர்லின் திரைப்பட விழாவின் உச்ச விருதான தங்கக் கரடி பெற்ற 'தி வெட்டிங் பேங்க்வெட்'. நியூயார்க்கில் காதலன் சைமனோடு வாழும் தைவான்காரன் வாய்-துங், பெற்றோரின் நச்சரிப்புக்காகவும், கிரீன் கார்டு இல்லாமல் திண்டாடும் வெய்-வெய் என்ற ஓவியம் வரையும் பெண்ணுக்காகவும் பெயருக்கு ஒரு கல்யாணம் செய்ய ஒத்துக்கொள்கிறான். பெற்றோர் விமானம் ஏறி வந்துவிட, பெயருக்குச் செய்த கல்யாணம் பெரிய விருந்தாகிவிடுகிறது. இதில் நீங்கள் படிக்க வேண்டியது அப்பா பாத்திரம். ஆங்கிலம் தெரியாதவர் என்று எல்லோரும் நினைத்திருக்கும் அந்தக் கிழவர், ஒருநாள் சைமனிடம் ஆங்கிலத்தில் பேசி, வீட்டு மருமகளுக்குக் கொடுப்பதுபோல பணம் வைத்த ஒரு சிவப்பு உறையையும் கொடுக்கிறார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. யாரிடமும் சொல்லாதே என்கிறார். நம் ஊர்களில் இப்படிப்பட்ட அப்பாக்கள் நிறைய. தெரிந்துகொண்டே தெரியாததுபோல இருப்பது அவர்களுக்குத் தெரிந்த ஒரே வகைப் பாசம். அதை எழுதினால் போதும், வசனத்தில் விளக்க வேண்டியதில்லை.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். இத்தாலியப் படத்தின் விருந்துக் காட்சியை அப்படியே எடுத்து வைக்காதீர்கள். உங்கள் பட்டறையிலிருந்தே ஒரு முடிச்சு எடுக்கலாம். ஒரு யோசனை சொல்கிறேன். கார்த்தியும் நவீனும் பெங்களூரில் ஒரு கூட்டு வங்கிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். வங்கிக் கடிதம் தவறுதலாகச் செவ்வாய்ப்பேட்டை வீட்டு முகவரிக்கு வந்துவிடுகிறது. இரண்டு பேர் பெயர் போட்ட அந்தக் கடிதத்தைப் பட்டறைக் கணக்குப்பிள்ளை பிரித்துப் பார்க்கிறார். மகன் நமக்குத் தெரியாமல் பார்ட்னர் பிடித்துத் தனியாகக் கடை போடப்போகிறான் என்று அப்பாவின் காதில் போடுகிறார். அப்பா அதை மனதில் வைத்துக்கொண்டே ஏற்காடு ஏறுகிறார். ராத்திரி, காபி உலர்த்தும் களத்தில் அப்பாவும் மகனும் மட்டும்.

"எத்தனை வருஷமாடா நடக்குது இது?"

"எது... எதுப்பா?"

"நடிக்காத. நீயும் அந்த நவீனும். எல்லாம் தெரியும்."

"நாலு வருஷம்ப்பா."

"நாலு வருஷமா! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"நீங்க தாங்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"நான் ஏன் தாங்க மாட்டேன்? எங்கப்பன்கிட்ட இருந்து நானும் இப்படித்தான் பிரிஞ்சு வந்தேன். பையன் நல்லவனாத்தான் தெரியறான். ஆனா எதையும் எழுத்துல வச்சுக்கங்க, வாய்ப்பேச்சு நம்பாதீங்க."

இந்தக் காட்சியில் யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. கார்த்திக்கு அந்த ஒரு ராத்திரி முழுக்க, அப்பா தன்னை ஏற்றுக்கொண்டார் என்ற சந்தோஷம். மறுநாள் காலையில் அது எப்படி உடைகிறது என்பதில் உங்கள் படத்தின் மீதிப் பாதி இருக்கிறது. ராத்திரி வாயால் சொன்ன சொல்லை அப்பா திரும்ப வாங்கிக்கொள்வாரா? 'எதையும் எழுத்துல வச்சுக்கங்க' என்று தானே சொன்னவர், கல்யாணம் என்று எழுத்தில் பதியச் சட்டமே இடம் தராத உறவு அது என்று தெரிய வரும்போது என்ன செய்வார்? இதை எழுதத் தொடங்கினாலே, சொற்பொழிவு எதுவும் இல்லாமல் அப்பா ஒரு மனிதராகிவிடுவார்.

பட்டறையை வெறும் பின்னணியாக விட்டுவிடாதீர்கள். கொலுசுத் தொழிலில் வெள்ளியை எடை போட்டுத்தான் கொடுப்பார்கள், எடை போட்டுத்தான் வாங்குவார்கள். உருக்குவது ஓர் இடம், கம்பி இழுப்பது ஓர் இடம், பற்றவைப்பது ஒருவர் வீட்டில், சலங்கை கோப்பது இன்னொரு வீட்டுத் திண்ணையில், மெருகு வேறெங்கோ. ஒரு ஜோடி கொலுசு கடைக்குப் போவதற்குள் எத்தனை வீட்டு வாசலைத் தாண்டுகிறதோ, வீட்டுச் செய்தியும் அத்தனை வாசலைத் தாண்டும். செவ்வாய்ப்பேட்டைக் குடும்பம் ஏன் நிச்சயத்தை ஏற்காட்டில் வைக்கிறது என்பதற்கு இதுவே காரணமாகலாம்: கீழே வைத்தால் பட்டறை மொத்தமும் வந்துவிடும். அப்பாவின் பயமும் இங்கேயே பிறக்கிறது. அவருக்குக் கடனுக்கு வெள்ளி தரும் வியாபாரி என்ன நினைப்பான் என்பதுதான் அவர் கண்ணில் 'ஊர்'. இப்படிக் கணக்கோடு எழுதுங்கள். 'ஊர் என்ன சொல்லும்' என்று பொதுவாகப் புலம்ப விட்டால் அது எந்தப் படத்திலும் கேட்ட வசனமாகிவிடும்.

தேன்மொழியின் பகுதிதான் உங்கள் கதையில் பலவீனம். அவளுக்கும் ஒரு காதலன் இருக்கிறான், ஆகவே இரண்டு ஜோடியும் சரியாகப் பிரிந்து சேர்ந்துகொள்ளும் என்று போட்டிருக்கிறீர்கள். அது கணக்கு நேராவதற்காக எழுதியது. அந்தக் காதலன் யார்? சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கத்தில் ஒரு பெண் வேறு சாதிப் பையனைக் காதலிப்பது எவ்வளவு ஆபத்து என்று நமக்குத் தெரியும்; உயிர்கள் போயிருக்கின்றன. அவனை வேறு சாதிக்காரனாக வைத்தால், அந்த வீட்டிலேயே அதிக ஆபத்தில் இருப்பவள் தேன்மொழி ஆகிவிடுவாள், கார்த்திக்கு அது தெரியாது. அவன் தன் கஷ்டத்தையே பெரிதாக நினைத்துப் புலம்ப, அவள் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருக்கும் காட்சி உங்களுக்குக் கிடைக்கும். பா. ரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' 2022-ல் இதைத் தொட்டது. பாண்டிச்சேரியில் ஒரு நாடகக் குழு. அதில் ஆண்-பெண் காதலர்கள், ஆண் ஜோடி, பெண் ஜோடி, திருநங்கை என எல்லோரும் ஒரே ஒத்திகைக் கூடத்தில், சாதி ஆணவக் கொலையைப் பற்றி ஒரு நாடகம் தயாரிக்கிறார்கள். எனக்கு அதில் விவாதம் சில இடங்களில் கதையை முந்திப் போவதாகப் பட்டது. ஆனால் 'எந்தக் காதலுக்கு இங்கே அனுமதி' என்ற ஒரே கேள்வியின் கீழ் அத்தனை பேரையும் தமிழில் உட்கார வைத்த படம் என்ற மரியாதை அதற்கு உண்டு.

தேன்மொழிக்குக் காதலனே இல்லாமலும் எழுதிப் பார்க்கலாம். அவளுக்குக் கார்த்தியைப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். அப்போது படம் கடினமாகும், நேர்மையும் கூடும். 2023 நவம்பரில் வந்த மலையாளப் படமான 'காதல் தி கோர்' ஏன் அப்படி உறைத்தது? ஜியோ பேபி அந்தக் கதையை ஜோதிகா நடித்த ஓமனா என்ற மனைவியின் விவாகரத்து மனுவிலிருந்து தொடங்கினார். மம்மூட்டி நடித்த கணவன், தன் தன்பாலீர்ப்பை மறைத்து வாழ்பவன், இடைத்தேர்தலில் நிற்கும் நேரம். அவனுடைய மௌனத்தால் அவள் இழந்த வருடங்களுக்கு அந்தப் படம் இடம் கொடுத்தது. நகைச்சுவை அல்ல, ஆனாலும் தேன்மொழியை எழுதும் முன் அவசியம் பாருங்கள். கார்த்தி பாவம் என்பதற்காக அவன் தேன்மொழிக்குச் செய்வது சரியாகிவிடாது. அதை அவளே அவனிடம் நேருக்கு நேர் சொல்ல வேண்டும்.

நவீனுக்கும் ஒரு விருப்பம் கொடுங்கள். இப்போது அவன் மூலையில் நின்று கண்கலங்குவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. நாலு வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்குள் சில்லறைச் சண்டை இருக்கும்: வாடகை, குறட்டை, யார் வீட்டுக்குப் பணம் அனுப்புவது. நிச்சயதார்த்தத்துக்குத் தட்டு வரிசை தூக்கவே நவீனை அழைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெற்றிலை பாக்கு, பழம், பட்டுப்புடவை அடுக்கிய தட்டோடு அவன் சம்பந்தி வீட்டார் முன்னால் நிற்கிறான், அத்தையம்மா "தம்பி, உங்களுக்கு எப்போ கல்யாணம்?" என்று கேட்கிறார். அவன் பதில் கோபமாக இருக்கட்டும், கிண்டலாக இருக்கட்டும், பசியைப் பற்றியதாகக்கூட இருக்கட்டும். பரிதாபமாக மட்டும் வேண்டாம்.

கேலியைப் பற்றி. தமிழ் சினிமாவில் நெடுங்காலம் ஓர் ஆண் நளினமாக நடந்து வந்தாலே போதும், நகைச்சுவை நடிகர் நெளிய, தியேட்டர் சிரித்தது. அதற்குப் பயந்து இப்போது எழுதுபவர்கள் எல்லா கே (தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்) பாத்திரங்களையும் ஜிம் உடம்போடும் கட்டைக் குரலோடும் எழுதுகிறார்கள். அதுவும் ஒதுக்குவதுதான். நளினமான ஒருவர் உங்கள் கதையில் இருக்கட்டும். சேலம் குகைப் பகுதி மாரியம்மன் ஆடித் திருவிழாவின் வண்டி வேடிக்கையில் சாமி வேடம் போட்டு வருபவர்களை ஊரே கையெடுத்துக் கும்பிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி வருடா வருடம் அம்மன் வேடம் கட்டும் ஒரு மாமா அந்தக் குடும்பத்தில் இருந்தால்? வேடத்தில் கும்பிடுகிறவர்கள், வேடம் கலைந்ததும் அவரைச் சாப்பாட்டுப் பந்தியில் கடைசியில் உட்கார வைக்கிறார்கள். அவரை யாரும் எதுவும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. வீட்டில் கார்த்தியைப் பற்றி முதலில் புரிந்துகொண்டவர் அவராக இருக்கலாம்; அவருடைய கிண்டல்தான் படத்தின் கூர்மையான கிண்டலாகவும் இருக்கலாம். அவர் அடிக்கும் ஜோக்குக்கு நாம் சிரிக்க வேண்டும். அவரைப் பார்த்துச் சிரிக்கும்படி ஒரு ஷாட்கூட வேண்டாம்.

ஏற்காட்டை மே மாதத்தில் வைக்காதீர்கள். கோடை விழா, மலர்க் கண்காட்சி, ஏரிப் படகு என்று எல்லோரும் பார்த்த ஏற்காடு அது. நவம்பர் கடைசி அல்லது டிசம்பரில் வையுங்கள். அரபிகா பழம் பறிக்கும் பருவம். களத்தில் காபி காயும். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். வடகிழக்குப் பருவமழையும் அதே நேரம்தான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது நினைவிருக்கும். சேலத்திலிருந்து ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுப் பாதையும் அடைபட்டு, குப்பனூர்ப் பாதையும் அடைபட்டால், சண்டை போட்டவர்கள் யாரும் கோபித்துக்கொண்டு காரை எடுத்துக்கொண்டு போக முடியாது. ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேஜை, கரண்ட் வேறு இல்லை. உங்களுக்கு அதுதானே வேண்டும்?

சட்டத்தைக் கதைக்குள் கொண்டுவாருங்கள், ஆனால் சரியாக. 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவைக் குறுக்கி விளக்கியபின், மனம் ஒப்பிய இரு வயதுவந்தவர்களின் உறவு குற்றமல்ல. ஆகவே 'போலீஸில் பிடித்துக் கொடுத்துவிடுவேன்' என்று ஒரு பாத்திரம் மிரட்டினால், இன்னொரு பாத்திரம் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதே நீதிமன்றத்தின் 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் தன்பாலீர்ப்பு இணையருக்குத் திருமண உரிமை மறுக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் மத்திய நிதியமைச்சகம், இத்தகைய இணையர் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் ஒருவரையொருவர் நாமினியாகப் போடவும் தடையில்லை என்று தெளிவுபடுத்தியது. நான் வங்கிக் கடிதத்தைப் பிடித்தது இதனால்தான். நம் மாநிலத்துக்கு முக்கியமானது 2021 ஜூன் 7-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவு. பாலீர்ப்பை 'மாற்ற' முயலும் சிகிச்சைகளை அவர் தடுத்தார். 'காணவில்லை' என்று பெற்றோர் புகார் கொடுத்து, விசாரணையில் சம்பந்தப்பட்டவர்கள் மனம் ஒப்பிய வயதுவந்தவர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடித்துவிட வேண்டும் என்றும் சொன்னார். அந்த வழக்கு மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடி வந்த இரண்டு பெண்களுடையது. தனக்கு இந்த விஷயம் புரியவேண்டும் என்பதற்காக நீதிபதியே உளவியல் ஆலோசகரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டார். உங்கள் அப்பா பாத்திரத்தை எழுதும் முன் அந்த உத்தரவைப் படியுங்கள்.

சென்சாரில், தன்பாலீர்ப்பு என்ற கருவுக்காக மட்டும் படத்தை நிறுத்த விதி எதுவும் இல்லை. 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ சான்றிதழ் 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. படுக்கையறைக் காட்சியோ கெட்ட வார்த்தைகளோ இல்லாத உங்கள் கதைக்கு 13+ அல்லது 16+ எதிர்பார்க்கலாம் என்பது என் கணிப்பு. இரட்டை அர்த்த வசனம் பற்றி வழிகாட்டு நெறியில் ஒரு விதி உண்டு, ஆனால் அது ஆபாசமாகத் தூண்டும் வசனத்துக்கானது; மேலே எழுதிய களத்துக் காட்சிக்குப் பொருந்தாது. மறுசீராய்வுக் குழுவிலும் முடிவு பிடிக்கவில்லை என்றால், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021-லேயே கலைக்கப்பட்டுவிட்டதால் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அதற்கு நேரமும் பணமும் ஆகும், பட்ஜெட்டில் அதற்கும் இடம் விடுங்கள். யூடியூபில் மட்டும் வெளியிடுவதாக இருந்தால் இந்தச் சான்றிதழ் தேவையில்லை.

குறும்படமா, முழுப்படமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். முதலில் களத்துக் காட்சியையும் மறுநாள் காலைச் சாப்பாட்டுக் காட்சியையும் மட்டும் அரை மணி நேரப் படமாக எடுங்கள். ஒரு வீடு, ஒரு களம், எட்டு நடிகர்கள். பனி இறங்கினால் ஷாட்டுக்கு ஷாட் வெளிச்சம் மாறும் என்பதால் களத்துக் காட்சியை ராத்திரியில் விளக்கு போட்டே எடுத்துவிடுங்கள். நடிகர்களைத் தேடும்போது நவீனுக்கு வெளிப்படையாக வாழும் ஒரு கே நடிகர் கிடைக்கிறாரா என்று பாருங்கள். கிடைக்காவிட்டாலும், படப்பிடிப்புக்கு முன் திரைக்கதையைப் பால்புதுமையினர் (கே, லெஸ்பியன், திருநர் உள்ளிட்டோர்) சிலரை உட்கார வைத்து முழுக்க வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே சிரிக்காமல் இருக்கிறார்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு, சிரிக்காத இடங்களிலிருந்து திருத்தத்தைத் தொடங்குங்கள்.